பார்த்தாச்சு

செங்கல்பட்டில் வளர்ந்தவனுக்கு மாமல்லபுரம் என்பது வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கூட்டிக்கொண்டு போகிற இடம். திருக்கழுக்குன்றம் வழியாக 30 கிலோமீட்டர், பஸ்ஸில் ஒரு மணி நேரம். ஐந்து ரதம், கடற்கரைக் கோயில், வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தாங்குவதுபோல ஒரு போட்டோ, மாங்காய் பத்தை, சுண்டல், இருட்டுவதற்குள் வீடு. பள்ளியில் இரண்டு முறை, சொந்தக்காரர்களோடு ஆறேழு முறை போயிருப்பேன். அதற்குப் பிறகு யாராவது போகலாமா என்று கேட்டால் எங்கள் வீட்டில் வரும் பதில் ஒன்றுதான்: "அதான் பார்த்தாச்சே."

இந்தப் 'பார்த்தாச்சு' மேல் எனக்குச் சந்தேகம் வந்தது ஜப்பானில். 2018-இல் ஆபீஸ் என்னை ஒன்பது மாதம் ஒசாகாவுக்கு அனுப்பியது. அங்கிருந்து கியோட்டோ ரயிலில் அரை மணி நேரம். 794-இல் தலைநகரான ஊர், ஆயிரம் வருடத்துக்கு மேல் பேரரசர்கள் இருந்த ஊர். வாரக் கடைசியில் வேறு வேலை இல்லை, அறையில் தனிமை வேறு. போய் நடந்தேன். கமோ ஆற்றங்கரையில் தொடங்கி கிழக்கே மலையடிவாரக் கோயில்கள் வரை, பெரும்பாலும் ஒரே வழி. ஏப்ரலில் செர்ரி பூத்து நின்ற மரத்தடியில் ஜூலையில் நின்றால் சில்வண்டுச் சத்தம் காதைப் பிளக்கும். நவம்பரில் அதே வழியெல்லாம் மேப்பிள் சிவந்திருக்கும். ஜப்பானியர்களின் பழைய நாட்காட்டி வருடத்தை 72 பருவங்களாகப் பிரிக்கிறது, ஒவ்வொன்றும் ஐந்து நாள் சொச்சம். சீனாவிலிருந்து வந்த கணக்கு அது. சீனத்துப் பூவும் பறவையும் தங்கள் ஊரில் நேரத்துக்கு வருவதில்லை என்பதால் 1685-இல் ஷிபுகாவா ஷுன்காய் என்கிற வானியலாளர் அதைத் தம் நாட்டுக்கு ஏற்பத் திருத்தினார். திருத்த வேண்டுமானால் யாரோ வெளியே போய், நின்று, பார்த்திருக்க வேண்டும்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. கியோட்டோ தலைநகராவதற்கு நூறு வருடத்துக்கு முன்பே கல்லில் எழுந்து நின்ற ஒரு ஊர் என் வீட்டிலிருந்து 30 கிலோமீட்டரில் இருக்கிறது. அதை எத்தனை பருவத்தில் பார்த்திருக்கிறேன்? ஒன்றில். மே மாத லீவில்.

திரும்பி வந்ததும் உடனே செய்துவிடவில்லை. கல்யாணம், கொரோனா, வொர்க் ஃப்ரம் ஹோம் என்று மூன்று வருடம் ஓடிவிட்டது. 2022 ஜனவரியில் ஆரம்பித்தேன். மாதம் இரண்டு ஞாயிறு. பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் எதிரே தலசயனப் பெருமாள் கோயில். அதன் பின்னால் அர்ஜுனன் தபசு என்கிற பெரும்பாறை. குன்றைச் சுற்றிக்கொண்டு தெற்கே சிற்பப் பட்டறைகள் வழியாக ஐந்து ரதம், அங்கிருந்து கடற்கரை, கடற்கரைக் கோயிலைத் தாண்டி மீனவர் குப்பம், ஒத்தவாடைத் தெரு, டீ, மறுபடி பஸ் ஸ்டாண்ட்.

முதல் சில மாதங்கள் ஏமாற்றம்தான். பூக்கிறதும் உதிர்கிறதும் இல்லாத ஊரில் பருவத்தை எங்கே தேடுவது? நம் ஆறு பருவக் கணக்கும் கைகொடுக்கவில்லை. இலக்கணத்தில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஐந்து ரதத்து மணலில் அது கத்திரி வெயில், செருப்பைத் தாண்டிச் சுடும். நமக்கும் ஒரு ஷிபுகாவா தேவைப்பட்டிருக்கிறார்.

பிறகு பள்ளியில் மனப்பாடம் செய்த ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. குறிஞ்சிக்கும் முல்லைக்கும் பாலைக்கும் தனிப் பெரும்பொழுது உண்டு. மருதத்துக்கும் நெய்தலுக்கும் கிடையாது, ஆறு பருவமும் அவற்றுக்கு உரியவை என்பார்கள். அப்போது அது ஏதோ விட்டுப்போன கட்டத்தை நிரப்பியது மாதிரி இருந்தது. நடக்க ஆரம்பித்த பிறகு வேறு மாதிரி தெரிந்தது. கடற்கரை ஊருக்கு உடுத்திக் காட்டுகிற பருவம் என்று ஒன்று இல்லை. சின்னச் சின்னதாக எல்லாம் மாறும். படகுகள் மணலில் எவ்வளவு மேலே நிற்கின்றன, காற்று கொண்டலா வாடையா, கடல் பச்சையா மண் நிறமா என்று. நெய்தலின் சிறுபொழுதான எற்பாடுகூட இங்கே தலைகீழ்தான். கிழக்குக் கரையில் சூரியன் கடலில் விழுவதில்லை. சாயங்காலத்தில் கோயிலின் நிழல்தான் கடலை நோக்கி நீளும்.

கல்லும் மாறுகிறது. பெரும்பாறைப் புடைப்புச் சிற்பம் கிழக்கு பார்த்தது. காலை வெயிலில் யானையின் வயிறு உருண்டு நிற்கும், மதியம் எல்லாம் தட்டை. பின்னங்காலால் மூக்கைச் சொறிகிற மானைக் காலை ஏழு மணிக்குப் பார்க்க வேண்டும். இந்தச் சிற்பம் அர்ஜுனன் தவமா, பகீரதன் தவமா என்று நூறு வருடமாக விவாதம். மயிலை சீனி. வேங்கடசாமி இது சமணக் கதை என்று தனிப் புத்தகமே எழுதினார். நான் வெயில் காலத்தில் எந்தக் கட்சியிலும் இல்லை. ஐப்பசி மழையில், நாகர்கள் நீந்துகிற அந்த நடுப்பிளவில் நிஜமாகவே தண்ணீர் வழிவதைப் பார்த்த அன்றைக்கு மட்டும் பகீரதன் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

அதே மழைக்குப் பக்கத்துக் கிருஷ்ண மண்டபத்தில் ஒதுங்கினோம். முன்மண்டபம் பிற்காலத்தில் விஜயநகரக் காலத்தில் சேர்த்தது. உள்ளே பாறையில் கண்ணன் மலையைத் தூக்கிப் பிடித்திருக்கிறான். மழையிலிருந்து காப்பாற்றத்தானே தூக்கினான்! கீழே ஒருவன் பால் கறக்கிறான், பசு கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது, மழை பற்றிய கவலையே யாருக்கும் இல்லை. இந்தப் பக்கம் நாங்கள்: ஒரு கல்லூரிக் கும்பல், கடலை விற்கிற அம்மா, நனைந்த இரண்டு ஆடு, நான். கடலைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, இந்த வருடத்தில் இவ்வளவு சந்தோஷமாக எப்போது இருந்தேன் என்று யோசித்தேன்.

இப்படி ஒரு வருடம் நடந்தால் ஒரு வியாதி வரும். ஊர் நம்முடையது என்று தோன்ற ஆரம்பிக்கும். வெண்ணெய் உருண்டையைத் தாங்கி போஸ் கொடுப்பவர்களைப் பார்த்தால் எரிச்சல் வரும். நானும் அதே போஸில் நின்றவன்தான், ஆல்பத்தில் படம் இருக்கிறது. 40 ரூபாய் டிக்கெட் எடுத்து நாற்பது நிமிடத்தில் இரண்டு இடத்தையும் முடிப்பவர்கள்மேல் ஒரு இளக்காரம். புதிதாக ஒரு கடை போர்டு வந்தால் என்னைக் கேட்காமல் எப்படி வைத்தார்கள் என்பது மாதிரி ஒரு கோபம். நான் செங்கல்பட்டுக்காரன், ஓஎம்ஆரில் கோட் எழுதுகிறவன். இந்த ஊரில் எனக்கு ஒரு செங்கல்கூடக் கிடையாது. திரும்பத் திரும்பப் பார்த்ததையே பட்டா மாதிரி கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

அதில் முதல் ஓட்டை போட்டவர் ஒரு சிற்பி. ஐந்து ரதத்துக்குப் போகிற சாலையில் அவருடைய பட்டறை. ஆனி மாதம், நல்ல உஷ்ணம். பெரிய கருங்கல் பிள்ளையார் ஒன்றின் தோளில் கிரைண்டரை ஓட்டிக்கொண்டிருந்தார். தலை, புருவம், துண்டு எல்லாம் வெள்ளை. நிறுத்தினதும் நான் பேச்சுக் கொடுத்தேன். முன்னெல்லாம் இந்த ரோட்டில் உளிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், இப்போது கிரைண்டர் இரைச்சல்தான், அந்த அழகே போய்விட்டது இல்லையா என்று கேட்டேன். ஏதோ நுட்பமாகச் சொல்லிவிட்டதாக நினைப்பு.

வாயில் கட்டியிருந்த துண்டை இறக்கினார். "சத்தம் உங்களுக்கு நல்லாத்தான் இருந்திருக்கும் சார். ஒரு சாமிக்கு மூணு மாசம் உளி புடிச்சா ராத்திரி சோறு பெசைய வெரல் மடங்காது. எங்கப்பாவுக்குக் கட்டவெரல் மரத்தே போச்சு." துண்டை உதறினார். தூசி பறந்தது. "இப்ப கை பொழச்சிது. நெஞ்சு போவுது. அது வேற கதை."

வேற கதை என்னவென்று வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். கருங்கல் தூசியில் இருக்கிற சிலிக்கா நுரையீரலில் தங்கித் தழும்பாகிவிடும். சிலிகோசிஸ். வந்தால் திரும்பாது. தண்ணீர் விட்டு அறுத்தால் தூசி குறையும், நல்ல முகமூடி வேண்டும், இரண்டுக்கும் காசு வேண்டும். இன்னொன்றும் புரிந்தது. பல்லவன் காலத்திலிருந்து அறுபடாமல் வருகிற உளிச் சத்தம் என்று மனதில் ஒரு படம் வைத்திருந்தேன். இங்கே இன்றிருக்கும் தொழில் பெரிதும் 1957-இல் அரசு சிற்பப் பயிற்சிக்கூடம் தொடங்கின பிறகு வளர்ந்தது. பின்னாளில் அது கல்லூரியானது. கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவரை எழுப்பிய கணபதி ஸ்தபதி அதற்கு முதல்வராக இருந்தார். நான் கேட்டு ஏங்கிய சத்தத்துக்கு என் அப்பா வயதுதான்.

கேள்வி அப்போதுதான் ஒழுங்காக உருவானது. ஒன்றை அழகாகப் பார்ப்பது குற்றமற்ற செயலா? நான் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை, எதையும் எடுக்கவில்லை, பார்த்தேன், அவ்வளவுதானே?

இந்தக் கேள்விக்கு நான் போய் நின்ற இடம் அயிரிஸ் மர்டாக். நாவலாசிரியர், தத்துவ ஆசிரியர். 1970-இல் வந்த 'நன்மையின் இறையாண்மை' என்கிற சின்னப் புத்தகத்தில் அவர் சொல்வது, ஒழுக்கம் முடிவெடுக்கிற அந்த நொடியில் இல்லை, அதற்கு முன்னால் நாம் எப்படிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதில் இருக்கிறது என்று. இரண்டு உதாரணம் தருகிறார். ஒன்றில், மனதில் ஏதோ அவமானத்தைக் குமைந்துகொண்டு ஜன்னலில் நிற்கிறவர் வெளியே அந்தரத்தில் நிற்கும் ஒரு வல்லூறைப் பார்க்கிறார். அந்த நிமிடத்தில் 'நான்' காணாமல் போகிறது, பறவை மட்டும் இருக்கிறது. இன்னொன்று, நம் டிவி சீரியலுக்கே எழுதியது மாதிரி, ஒரு மாமியார். மருமகளை நாகரிகம் தெரியாதவள், சத்தம் போடுகிறவள் என்று நினைக்கிறார். வெளியில் காட்டிக்கொள்வதில்லை. பிறகு, நான்தான் பழைய ஆளோ, பொறாமையோ என்று தன்னையே சந்தேகப்பட்டு மறுபடி பார்க்கிறார். அதே பெண் இப்போது கலகலப்பானவளாக, ஒளிவுமறைவில்லாதவளாகத் தெரிகிறாள். வெளியே எதுவும் நடக்கவில்லை. ஆனால் ஒரு ஒழுக்கச் செயல் நடந்துவிட்டது என்கிறார் மர்டாக்.

மர்டாக் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். எனக்கு அங்கேதான் இடிக்கிறது. நான் ஒரு வருடமாக வல்லூறு முறையில் நடந்துகொண்டிருந்தேன். மான், பசு, பாறை வழியும் தண்ணீர், எல்லாவற்றிலும் நான் காணாமல் போனேன். நிஜமான சந்தோஷம் அது, பொய் இல்லை. அந்தப் பழக்கத்திலேயே மனிதர்களையும் பார்த்தேன். கல் திருப்பிப் பேசாது. நீ பார்த்தது தப்பு என்று மான் சொல்லாது. சிற்பி சொல்வார், சொன்னார். மாமியார் மாதிரி தன்மேல் சந்தேகம் வந்தால்தான் இரண்டாவது பார்வை வரும். எனக்கு வந்த சந்தேகமும் நானாகப் பட்டதில்லை, கேட்டு வாங்கினது.

கியோட்டோவில் கியோன் என்கிற பகுதியில் கெய்கோக்களும் மைக்கோக்களும் வேலைக்குப் போகிற சந்துகள் உண்டு. நானும் அங்கே தயங்கித் தயங்கி நின்றிருக்கிறேன். 2024-இல் அங்கே சில தனியார் சந்துகளில் சுற்றுலாப் பயணிகள் நுழையக் கூடாது, மீறினால் 10,000 யென் என்று போர்டு வைத்துவிட்டார்கள். வேலைக்குப் போகிற பெண்களை வழிமறித்துப் போட்டோ எடுத்ததுதான் காரணம். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு நியாயம் என்றுதான் பட்டது. நான் யாரையும் வழிமறித்ததில்லை என்ற நிம்மதியும் இல்லை, ஏனென்றால் அதற்குள் எனக்கு மாண்டஸ் நடந்துவிட்டிருந்தது.

2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்கு அருகில் கரையைக் கடந்தது. ஞாயிற்றுக்கிழமை 11-ஆம் தேதி நான் அங்கே இருந்தேன். எதற்குப் போனேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: புயலுக்குப் பிறகான கடலைப் பார்க்க. கூதிர்காலத்தின் உச்சம் என் தொகுப்பில் இல்லாமல் இருந்தது. ரோட்டோரமெல்லாம் சவுக்கு சாய்ந்து கிடந்தது. கடல் மண் நிறத்தில் இன்னும் அடங்காமல் இருந்தது. குப்பத்துப் பக்கம் மணலை அலை அரித்துப் படிக்கட்டு மாதிரி வெட்டியிருந்தது. பைபர் படகுகளைத் தெருவரைக்கும் ஏற்றியிருந்தார்கள். ஒரு படகின் நிழலில் ஒரு அம்மா வலைக் குவியலை மடியில் வைத்து, சிக்கியிருந்த சவுக்கு மிலாறுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். குனிந்த முதுகு, சாம்பல் வானம், தூரத்தில் கடற்கரைக் கோயிலின் கோபுரம். எடுத்தேன். அன்று ராத்திரியே போட்டேன். அதற்கு நான் வைத்த தலைப்பை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது, அதில் 'காலம்' என்ற வார்த்தை இருந்தது. என் வாழ்நாளில் நான் எடுத்ததிலேயே அதிகம் பேர் பார்த்த படம் அது.

மனைவிக்குக் காட்டினேன். கொஞ்ச நேரம் பெரிதுபண்ணிப் பார்த்தாள். "அவங்க வலையா? எவ்ளோ போச்சாம்?"

"கேக்கலியே."

"அப்புறம் என்னதான் பார்த்த?"

படத்தை அழித்துவிட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அழிக்க இரண்டு வாரம் ஆனது. அதற்குள் இன்னும் கொஞ்சம் லைக் வந்தது, அதையும் எண்ணினேன். தை மாதம் குப்பத்துக்குப் போய் அந்த அம்மாவைத் தேடினேன். போய் என்ன கேட்பது என்று தெரியாது, ஆனாலும் தேடினேன். யாரைத் தேடுகிறாய் என்று ஒருவர் கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. படத்தில் முகம் இல்லை, முதுகுதான் இருந்தது. முகத்தை நான் நேரிலும் பார்க்கவில்லை.

சரி, பார்க்காமலே இருந்துவிட்டால்? அதுவும் எனக்குத் தெரிந்த பாதைதான். எங்கள் வீடு முப்பது வருடம் அதைத்தான் செய்தது. செங்கல்பட்டுப் பக்கம் வளர்ந்தவனுக்கு இருளர்கள் என்றால் பஸ் ஜன்னலில் ஓலைக்குடிசையாகக் கடந்து போகிறவர்கள், அரிசி மில்லில் நெல் அவிக்கிறவர்கள், பாம்பு பிடிக்கிறவர்கள். 1976-இலேயே கொத்தடிமை முறையை ஒழிக்கச் சட்டம் வந்துவிட்டது. அதற்கு எத்தனையோ வருடம் கழித்தும் எங்கள் மாவட்டத்தைச் சுற்றியிருக்கிற மில்களிலும் செங்கல் சூளைகளிலும் மரம் வெட்டுகிற இடங்களிலும் மீட்கப்பட்டவர்களில் பலர் இருளர்கள் என்று பேப்பரில் படிப்போம். படித்துவிட்டு மடித்து வைப்போம். அங்கே யாரும் அழகாகப் பார்க்கவில்லை, படம் எடுக்கவில்லை. அந்தப் பார்க்காமையைவிட என் சுற்றுலாப் பார்வை மோசமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பார்வையைத் தடை செய்வதில் சந்துக்கு நியாயம் கிடைக்கலாம். அரிசி மில்லுக்கு நியாயம் கிடைக்க யாராவது உள்ளே போய்ப் பார்த்தாக வேண்டும்.

மாசி மகத்துக்கு இருளர்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடுவார்கள். திருவள்ளூரிலிருந்தும் காஞ்சிபுரத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து, சவுக்குக் கழி நட்டு, புடவையைக் கட்டிக் கூடாரம் போட்டு, பௌர்ணமி இரவைக் கடற்கரையில் கழிப்பார்கள். அவர்கள் கும்பிடுவது கன்னியம்மனை. அவள் கடலில் இருக்கிறாள், அவளைச் சமாதானப்படுத்தி அழைத்துக்கொள்ள வருகிறோம் என்று அங்கே சொன்னார்கள். விடிவதற்கு முன்னால் மணலைக் குவித்து, ஏழு படி வைத்துச் சின்னதாக ஒரு கோயில் கட்டுகிறார்கள். பூ, வெற்றிலை, தேங்காய், கற்பூரம். பூசாரிமேல் அம்மன் வருகிறாள். பெண் பார்ப்பது, தாலி கட்டுவது, பிள்ளைக்கு மொட்டை போடுவது எல்லாம் அந்த மணலிலேயே.

நான் 2023 மார்ச்சில் போனேன், முதல் பஸ்ஸைப் பிடித்து. போனைப் பைக்குள் வைத்திருந்தேன். என்னைச் சுற்றி நிறையப் பேர் பெரிய கேமராக்களோடு படி கட்டுகிறவர்கள் தலைக்கு மேலேயே நின்றார்கள். நான் அவர்களைவிட மேல் என்று ஒரு நினைப்பு வந்ததையும் கவனித்தேன். வியாதி விடவில்லை. கிழக்கு வெளுக்க ஆரம்பித்தது. கடற்கரைக் கோயில் எங்களுக்குத் தெற்கே கறுப்பாக நின்றது. அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட அந்தப் பக்கம் திரும்பவில்லை என்பது எனக்கு விநோதமாக இருந்தது. 1984-இல் யுனெஸ்கோ உலகத்துக்கே சொத்து என்று சொன்ன கோயில். அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இன்னும் கொஞ்ச நேரத்தில் அலை கொண்டுபோகப் போகிற ஒரு மண்கோயிலை இவ்வளவு கவனமாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழவி ஈர மணலைக் கையால் தட்டித் தட்டிப் படியின் விளிம்பைக் கூராக்கினார். கோணலாக வந்ததும் இடித்துவிட்டு மறுபடி தட்டினார்.

யாருக்கும் இடைஞ்சலில்லாமல் நாலு அடி தள்ளி, காலியாகக் கிடந்த மணலில்தான் நான் நின்றுகொண்டிருந்தேன். கிழவி நிமிர்ந்தார். கோபம் எல்லாம் இல்லை, குழந்தையிடம் சொல்வது மாதிரி சொன்னார்.

"அங்க நிக்காதப்பா. சாமி வர்ற வழி அது."

குனிந்து பார்த்தேன். மணல். என் செருப்புத் தடம் இரண்டு. ஒரு வருடத்துக்கு மேலாக மாதம் இரண்டு முறை நடந்த இடம்.

"எங்க நிக்கட்டும்மா?"

"எங்கனா நில்லு. அந்த எடம் வாணாம்."

நகர்ந்தேன். நகர்ந்த இடத்தில் ஒரு பெண் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். ஒதுங்கி இடம் விட்டாள். எந்த ஊர் என்று கேட்டாள். செங்கல்பட்டு என்றேன். அவள் ஊர் திருக்கழுக்குன்றம் ரோட்டிலேயே, எங்கள் பஸ் நிற்கிற ஒரு ஸ்டாப்பிங்கின் பேரைச் சொன்னாள். அந்தப் பேரை ஆயிரம் தடவை கண்டக்டர் வாயில் கேட்டிருக்கிறேன். சூரியன் வந்தது. குடத்தில் கடல் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஈரப் புடவையோடு சிலர் அந்த நாலடி மணல் வழியாக ஏறி வந்தார்கள்.

அடுத்த ஞாயிறு மறுபடி போனேன். கூடாரம் இல்லை, கழி பிடுங்கின குழிகூட இல்லை, தேங்காய் நார் கொஞ்சம் ஒதுங்கிக் கிடந்தது. எந்த இடம் என்று கண்டுபிடிக்கப் பார்த்தேன். கோயிலிலிருந்து எத்தனை அடி, படகிலிருந்து எத்தனை அடி என்று கணக்குப் போட்டும் பிடிபடவில்லை. அலையோரமாகப் போகாமல் மேலே ஒத்தவாடைத் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.